துண்டுக்கடியில் ஒரு விலை

அத்தியாயம் 9

“இருபத்திரண்டு!” என்றார் பொங்கியண்ணக் கவுண்டர். ஏலக்காரரை நோக்கி அவர் நீட்டிய கையில் நவரத்தின மோதிரம் வெயில் பட்டு மின்னியது.

“இருபத்திரண்டு” என்றார் பக்கத்தில் நின்ற வியாபாரி. மூன்றாமவரும் அதையே சொன்னார். நான்காமவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். கடைசியில் நின்ற ஒல்லியான ராமுலு மட்டும் வண்டியிலிருந்து ஒரு கை பருத்தியை அள்ளி, இழுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டார். தோளில் கிடந்த பழைய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இருபத்திரண்டுதானுங்க” என்றார்.

பொதிக்கு இருபத்திரண்டு ரூபாய். நேற்றும் அதே விலைதான், முந்தாநாளும் அதே விலைதான். பஞ்சு பட்டாக இருந்தாலும் அதுதான், சருகும் தூசுமாக இருந்தாலும் அதுதான். பம்பாயில் விலை ஏறிவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்த அன்றைக்கும், சோமனூருக்குப் பக்கத்தில் இருந்த இந்தப் புதுப் பருத்திப் பேட்டையில் ஐந்து பேரும் கூசாமல் அதையேதான் சொன்னார்கள்.

மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த துப்பறியும் வரதராஜுலு நாயுடுவுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. போலீஸ் உத்தியோகத்தில் இருந்தபோது கொலைகாரர்களையே பிடித்தவர் அவர். உக்கடத்தில் தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு, நகைத் திருடர்கள் அவர் பெயரைக் கேட்டாலே ஊரை விட்டு ஓடினார்கள். இங்கே என்னடாவென்றால், ஐந்து பேர் பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, உரத்த குரலில் திருடுகிறார்கள். பிடிக்க ஒரு நூல் முனைகூட அகப்படவில்லை. பஞ்சுத் தூசு வேறு மூக்கில் ஏறி உயிரை வாங்கியது. தும்மினார்.

“நூறாயுசுங்க” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். “இந்தக் கேசு முடியறதுக்கு அத்தனையும் வேணுமுங்க, நாயுடுகாரு.”

அது அவருடைய உதவியாளர் கனகம். நாடகக் கம்பெனியில் ராணி வேஷமும் தோழி வேஷமும் மாறி மாறிக் கட்டியவள். கம்பெனி நொடித்ததும் நாயுடுவிடம் வந்து சேர்ந்தாள். இன்றைக்குப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, கையில் சோற்றுத் தூக்குடன், பருத்தி விளைத்து விற்க வந்த காட்டுக்காரர் வீட்டுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். வேஷம் பிரமாதம். வாய்தான் அடங்கவில்லை.

“கிண்டலா அம்மணி? அஞ்சு பேரும் எப்படிப் பேசி வெச்சுக்கறாங்கன்னு உனக்காச்சும் தெரிஞ்சுதா?”

“தெனமும் காத்தால பொங்கியண்ணன் காருலதான் அஞ்சு பேரும் வாராங்க. ஆனா காரோட்டியைக் கேட்டுப்போட்டேனுங்க. வழியெல்லாம் நோம்பியும் கல்யாணமும்தான் பேச்சாமா. வெலையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களாம்.”

நாயுடு பல்லைக் கடித்தார். இந்த வாரம் அவர் பிடித்த நூலெல்லாம் இப்படித்தான் அறுந்தது. பொங்கியண்ணன் ஏலத்துக்கு முன்னால் இரண்டு சோடா குடிக்கிறாரே, அதுதான் சைகையோ என்று நினைத்தார். மறுநாள் அவர் நான்கு குடித்தார். விலை இருபத்திரண்டிலேயே நின்றது. முந்தின நாள் கறிக்குழம்பில் உப்புக் கூடிவிட்டதுதான் காரணம் என்று கனகம் விசாரித்து வந்து சொன்னபோது, நாயுடுவுக்குச் சோடாக்காரன் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

அவரை அழைத்துவந்தவரோ இவரைவிட நொந்துபோயிருந்தார்.

பேட்டையின் தகரக்கூரை ஆபீஸில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த மார்க்கெட் அதிகாரி நஞ்சுண்டன் அன்னூர்க்காரர். காட்டுக்காரர் வீட்டில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, சீமைக்கும் போய்வந்து, சட்டக் கல்லூரியில் பல வருஷம் பாடம் சொன்னவர். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை நெரிப்பதைப் பற்றி அவர் இங்கிலீஷில் எழுதிய புத்தகம் தலையணை கனம் இருக்கும். பருத்தி போன்ற கமர்ஷியல் பயிர்களுக்குச் சட்டம் போட்டுப் பேட்டை திறந்த சர்க்கார், “எழுதினதைச் செய்துகாட்டும்” என்று அவரைக் கல்லூரியிலிருந்து பிடுங்கி இங்கே நட்டது.

வந்த அன்றே அவர் போட்ட முதல் உத்தரவு, துண்டுக்குத் தடை. அதுவரை இந்தப் பக்கத்தில் பருத்தி விலை வாயால் பேசப்பட்டதில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கடியில் கையைக் கொடுத்து விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இருபது என்பது பொது. அதற்குமேல் எத்தனை ரூபாயோ அத்தனை விரல். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் நஞ்சுண்டன் தன் அப்பாவின் பக்கத்தில் நின்று, துண்டுக்குள் கை போவதையும் அப்பாவின் முகம் சுண்டிப்போவதையும் பார்த்திருக்கிறார். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் பார்க்க முடியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சட்டம் படித்தார். அந்த ஆத்திரத்தில்தான் புத்தகம் எழுதினார். இனி எல்லாம் வெளிச்சத்தில், எல்லோர் காதும் கேட்க நடக்கட்டும் என்றுதான் ஏலம் கொண்டுவந்தார்.

“நாலு மணிக்கு டெபுடி கலெக்டர் வாராரு” என்றார் நஞ்சுண்டன், காலை ஏலம் கலைந்ததும் ஆபீஸுக்குள் வந்த நாயுடுவிடமும் கனகத்திடமும். “பேட்டையால ஒரு பிரயோசனமும் இல்லை, மூடிப்போடுங்கன்னு பொங்கியண்ணன் பெட்டிஷன் குடுத்திருக்காரு. கூட்டுக்கு ஒரு சாட்சி வேணுமுங்க நாயுடு. இல்லீன்னா இன்னிக்கே பூட்டு. காட்டுக்காரங்க பழையபடி அவர் ஊட்டு வாசல்ல போய் நிக்கோணும். நான் எம்பட புஸ்தகத்தைத் தலைக்கு வெச்சுப் படுத்துக்கலாம்.”

“பாத்துக்கிட்டேதானுங்க இருக்கறோம்.”

“எனக்கு இதுதான் புரியலீங்க. எந்தக் கூட்டுக்கும் எமன் உள்ளுக்குள்ளயே இருப்பான். அஞ்சு பேருல ஒருத்தனுக்காச்சும், கூட ஒரு ரூபா குடுத்துச் சரக்கை அள்ளிக்கலாம்னு நாக்குல எச்சி ஊறும். மத்தவங்களுக்குத் தெரியாம செய்ய வழி இருந்தா, செஞ்சே தீருவான். இதைப் பையன்களுக்கு எத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தேன்! இங்க ஏன் ஒருத்தன்கூடச் செய்ய மாட்டேங்கறான்?”

கனகம் நாயுடுவின் காதோரம் குனிந்தாள். “அய்யா பாடம் எடுத்தா எனக்கு நல்லாத் தூக்கம் வருதுங்க. அதுக்குள்ள சொல்லிப்போடறேன். அன்னூர் ராசாத்தாளக்கா விடியறதுக்கு மூணு வண்டி பாரம் ஏத்திக்கிட்டுப் பொறப்பட்டாங்களாம். பேட்டைக்கு வந்து நிக்கறது ஒரே வண்டிதானுங்க.”

நஞ்சுண்டனின் காதிலும் அது விழுந்துவிட்டது. அப்படியே நின்றார். “மீதி ரெண்டு? பேட்டைக்கு வெளிய வாங்கறது குத்தமுங்க! அப்ப ஆரோ வழியில மடக்கி, அடிமாட்டு வெலைக்கு வாங்கறான். இதுதான் கூட்டுக்காரன் வேலை. புடிச்சுக்கிட்டு வாங்க நாயுடு!”

நாயுடு சவாரி வண்டியில் ஏறிய வேகத்தில் கனகத்தின் சோற்றுத் தூக்கு உருண்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைத்த நூல். இதையும் விட்டால் இந்த வேலைக்கே முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் எங்கே என்று தேடுவது? கருமத்தம்பட்டிச் சாலையில் வண்டித் தடம் ஆயிரம் இருந்தது. கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், “வண்டிங்களா? ரோடுன்னா வண்டி போகுமுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நாம திருடனைத் தேடறமா, நம்மளை இவங்க திருடன்னு நெனைக்கறாங்களா?” என்று நாயுடு வெடித்தார்.

“அதுசரி, இந்த முள்ளுச் செடியெல்லாம் ஏனுங்க தலைக்குப் பூ வெச்சிருக்குது?” என்றாள் கனகம்.

நாயுடு நிமிர்ந்து பார்த்தார். சாலையின் இரு பக்கமும் உடைமுள். முள்ளுக்கு முள் வெள்ளை வெள்ளையாகப் பருத்தி ஒட்டியிருந்தது. பாரம் பிதுங்கப் பிதுங்க வரும் வண்டி, உரசும் முள்ளுக்கெல்லாம் கொஞ்சம் பஞ்சைக் கொடுத்துவிட்டுத்தான் வரும். அன்னூர்ப் பக்கத்துச் செடிகளில் நிறைய இருந்தது. பேட்டையை ஒட்டி இவர்கள் கடந்துவந்த செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அப்படியென்றால் நடுவில் எங்கோ பாரம் திரும்பியிருக்க வேண்டும்.

வண்டியைத் திருப்பி மெதுவாக ஓட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு புளியமரத்தடியில், இரு பக்கமும் வேலி போட்ட, யாரும் எட்டிப்பார்க்காத இட்டேறிப் பாதை ஒன்று பிரிந்தது. அதன் வேலியில், ஆள் உயரத்துக்குமேல் புதுப் பஞ்சு.

“இறங்கு அம்மணி” என்றார் நாயுடு. அவர் குரலே மாறிவிட்டது.

இட்டேறி முடிந்த இடத்தில் ஒரு ஜின் கொட்டகை இருந்தது. கொட்டை நீக்கும் இயந்திரம் ஓடாமல் கிடந்தது. வாசலில் இரண்டு பார வண்டிகள். வண்டி நிழலில் ராசாத்தாள் நின்றாள். அவள் தம்பி தம்பிதுரையும் இன்னொருவரும் எதிரெதிரே நின்றார்கள். இருவர் கையும் ஒரு துண்டுக்கடியில் இருந்தது.

அந்த இன்னொருவர், பேட்டையில் கடைசியாக நின்று பெருமூச்சு விட்ட ராமுலு.

“கையை எடுக்காதீங்க!” என்று நாயுடு கத்திக்கொண்டே வேலியைத் தாண்டினார். “பேட்டையில நல்லவர் மாதிரி நின்னுபோட்டு, இங்க வந்து ஏழைங்க வயித்துல அடிக்கறீங்களா?”

ராமுலு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. நாயுடு அதை எடுத்துப் பார்த்தார். ஓரமெல்லாம் நன்றாக இருந்தது; நடுவில்தான் நைந்து சல்லடையாகியிருந்தது. தோளில் போட்டுத் தேய்ந்த துண்டு அல்ல அது. விரல் முட்டி உரசி உரசித் தேய்ந்தது. தடை போட்ட பிறகும் ஓயாமல் வேலை செய்த துண்டு. அப்பாடா, சாட்சி கிடைத்துவிட்டது! நாயுடுவுக்கு அந்தத் துண்டை முத்தமிடலாம் போல இருந்தது.

கனகம் ராசாத்தாளிடம் போனாள். “ஏனுங்கக்கா, எத்தனைக்குங்க பேசினாங்க?”

“இருபத்தி நாலு.”

“எத்தனை?” என்று நாயுடு திரும்பினார்.

“இருபத்தி நாலுங்க. பேட்டையை விட ரெண்டு எச்சா.”

நாயுடுவின் மகிழ்ச்சி அப்படியே வடிந்துவிட்டது. வழிப்பறிக்காரன் என்று ஓடிவந்து பிடித்தால், அவன் பேட்டை விலையைவிடக் கூடக் கொடுக்கிறான்! இப்படி ஒரு திருடனை இந்த முப்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

“அப்ப இதைப் பேட்டையிலயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க?” என்று ராமுலுவைப் பார்த்துக் கத்தினார்.

“எப்படிங்க சொல்றது? வாயைத் தொறந்து இருபத்திமூணுன்னு சொன்னா, நாலு பேர் காதுலயும் உளுகுது. பஞ்சை அமுக்கிப் பேலாக் கட்டற பிரஸ் இந்தப் பக்கம் பொங்கியண்ணனுது ஒண்ணுதானுங்க. மறுநா எம்பட பஞ்சுக்கு அங்க எடமில்லைம்பாரு. மழையில கெடந்து மக்கும். மெசினைப் பாருங்க, சரக்கில்லாம தூங்குது. எனக்குப் பருத்தி வேணும். துண்டுக்குள்ளன்னா ஆருக்குங்க தெரியும்?”

ராசாத்தாள் கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “காட்டிக் குடுத்துப்போடாதீங்க அம்மணி. சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் ஒரு வண்டியைப் பேட்டைக்கு உட்டிருக்கறேன். இவரும் இல்லீன்னா எனக்கு அந்த இருபத்திரண்டுதான் கதி. கெணத்துக்கு எறைக்கற கூலிக்கே அது பத்தாதுங்க.”

நாயுடு வண்டி நுகத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்ய வழி இருந்தால் ஒருவனாவது செய்தே தீருவான். நஞ்சுண்டன் காலையில் சொன்ன பாடம்! இதோ, வழி இருந்த இடத்தில் ஒருவன் செய்கிறான். வழி இல்லாத இடம் எது? பேட்டை. வழியை அடைத்தது யார்?

“அட கடவுளே” என்றார். “அவங்க பேசி வெச்சுக்கவே இல்லை அம்மணி. ஒருக்கா ஒத்துக்கிட்டாப் போதும். அப்பறம் எவன் மீறினாலும் ஏலமே அவனைக் காட்டிக்குடுத்துரும். சைகையைத் தேடி நான் சோடா எண்ணிக்கிட்டு இருந்தேன்!”

“அவங்க கூட்டுக்குக் காவக்காரனை நம்ம அய்யாவே சம்பளமில்லாமப் போட்டுக் குடுத்திருக்காருங்க” என்றாள் கனகம். இந்தத் தடவை அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

நாயுடு துண்டைக் கொண்டுபோய் நஞ்சுண்டனின் மேஜைமேல் வைத்தபோது, அவர் செத்த பாம்பைப் பார்த்ததுபோலப் பின்வாங்கினார். “இந்தக் கருமத்தை எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?”

நாயுடு பார்த்ததையெல்லாம் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

“ஆள் ஆரு? பேரைச் சொல்லுங்க!” நஞ்சுண்டன் மேஜையில் தட்டினார். “சட்டத்தை மீறின ஒருத்தனைப் புடிச்சுட்டோம். நாலு மணிக்கு டெபுடி கலெக்டர் முன்னால நிறுத்தினா, பேட்டை பொழைச்சுக்கும்.”

“நிறுத்தலாமுங்க. கூட்டை மீறிக் கூடக் குடுத்த ஒரே ஆளு அவன்தான். அவனுக்கு நீங்க அபராதம் போடுங்க, பொங்கியண்ணன் உங்களுக்கு மாலை போடுவாரு.”

நஞ்சுண்டன் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றார் நாயுடு. “துண்டு கூடாதுன்னு நீங்க உத்தரவு போட்ட அன்னிக்கு, மொதல்ல கை தட்டினது ஆருங்க?”

வெளியே ஏலக்காரர் கூவுவதும் “இருபத்திரண்டு, இருபத்திரண்டு” என்ற பதிலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

“பொங்கியண்ணன்” என்றார் நஞ்சுண்டன். நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “எம்பட புஸ்தகத்துல நாலாவது அத்தியாயமே இதுதானுங்க. ரகசியமா விலை பேச முடிஞ்சா கூட்டு ஒடையும்னு நானே எழுதினேன். சீமையில நிலக்கரிக்கு எழுதினேன், இரும்புக்கு எழுதினேன். எங்கப்பன் கையில இருந்த துண்டை மட்டும் என்னால அப்படிப் பாக்க முடியலை. அதைக் கண்டாலே கண்ணு மறைச்சுப்போச்சு.” படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு கோபத்தில் வீணாய்ப்போயிற்றே என்ற வெட்கம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. நாயுடு ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

நாலு மணிக்கு டெபுடி கலெக்டரின் கார் வந்து நின்றது. பொங்கியண்ணன் பெட்டிஷனும் எலுமிச்சம்பழமுமாக எதிர்கொண்டார். “எசமான், பேட்டை ஒண்ணும் பிரயோசனமில்லீங்க. நாங்க ஏதோ நியாயமாக் குடுக்கறோம், காட்டுக்காரங்க ஏதோ வாங்கிக்கறாங்க.”

நஞ்சுண்டன் ஏல மேடைமேல் ஏறினார். கோட்டுப் போட்டிருந்தார், தோளில் அந்த நைந்த துண்டு கிடந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ராமுலு தலையைக் குனிந்துகொண்டார்.

“இங்க வந்ததும் நான் போட்ட மொத உத்தரவு தப்பு” என்றார் நஞ்சுண்டன். குரல் எல்லோருக்கும் கேட்டது. “அதை இப்ப ரத்துப் பண்றேன். இனிமே ஆரும் வாயைத் தொறக்க வேண்டாம். வாங்கறவங்க ஒவ்வொருத்தரா வந்து, இந்தத் துண்டுக்குள்ள எம்பட கையில வெலை சொல்லுங்க. இருபதுக்கு மேல எத்தனை ரூபாயோ அத்தனை விரல். அதிக வெலை என்னன்னு மட்டும் சொல்வேன். ஆரு குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேன். சரக்கைப் பேட்டை ஆளே கொண்டுவந்து சேத்துவான்.”

“என்னங்க இது, பழைய காலத்துக்குப் போறீங்க?” பொங்கியண்ணன் சிரித்தார். “இது காட்டுமிராண்டி வழக்கம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“நாந்தானுங்க சொன்னேன்” என்றார் நஞ்சுண்டன்.

டெபுடி கலெக்டருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. “ஒரு வண்டிக்குச் செய்து பாருங்களேன்” என்றார்.

ராசாத்தாளின் வண்டி முன்னால் வந்தது. முதலில் ராமுலு போனார். துண்டுக்குள் கை போனது, வந்தது. கொட்டாவிக்காரர் போனார். அடுத்து இருவர். கடைசியில் பொங்கியண்ணன், இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே நவரத்தின மோதிரம் போட்ட கையை விட்டார்.

நஞ்சுண்டனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “இருபத்தஞ்சு” என்றார்.

ராசாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வியாபாரிகள் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“எவன்டா அது, கூட இருந்தே குழி பறிக்கறவன்?” என்று எல்லோருக்கும்மேல் கத்தியவர் பொங்கியண்ணன். மற்ற நால்வரும் பதிலுக்குச் சத்தியம் செய்தார்கள். யார் சத்தியத்தையும் யாரும் நம்பவில்லை. அடுத்த வண்டி இருபத்து நாலுக்குப் போனது. அதற்கடுத்ததும் இருபத்து நாலு. கடைசி வண்டி மறுபடியும் இருபத்தைந்து. டெபுடி கலெக்டர் பெட்டிஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று காரில் ஏறினார்.

காலையில் ஐந்து பேரை ஏற்றிவந்த பொங்கியண்ணனின் கார் அவரை மட்டும் சுமந்துகொண்டு திரும்பியது. மற்றவர்கள் ஆளுக்கொரு வண்டி பிடித்துப் போனார்கள்.

ஆபீஸில் நஞ்சுண்டன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நாயுடுவுக்கோ நிம்மதி வரவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எப்படித் தூக்கம் வரும்?

“அந்த இருபத்தஞ்சு ஆருங்க? ராமுலுவா?”

“சொல்லக் கூடாதுங்க.”

“எனக்கு மட்டும்?”

“ஆருக்கும் கூடாது. சொன்னா நாளைக்கே எல்லாரும் பழையபடி சேந்துக்குவாங்க.”

நாயுடு எரிச்சலோடு எழுந்தார். கனகம் மட்டும் நகரவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த நஞ்சுண்டனின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டு விரலை ஒட்டி, சதையில், ஒன்பது சின்னப் பள்ளங்கள் வட்டமாகச் சிவந்திருந்தன. ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்த கையின் மோதிரம் பதிந்த தடம்.

“அய்யா சொல்லாட்டிப் போகுதுங்க” என்றாள். “ஆனா வெளிய போறப்ப அந்தக் கையைச் சித்த மறைச்சுக்கோங்க.”

நஞ்சுண்டன் குனிந்து பார்த்தார். பிறகு அவசர அவசரமாக, மேஜைமேல் கிடந்த நைந்த துண்டை எடுத்துத் தன் கையின்மேல் போட்டுக்கொண்டார்.